தக்ளியில் நூல் நூற்றவர்களே, இன்னும் மனதில் நிற்கும் ஒன்றைச் சொல்லுங்கள்

பஞ்சுமூட்டை:
கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிர்தான் தக்ளி, இங்கே யாருக்கும் அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். மதுரைக்கு விமானம் ஏற வேண்டும். கைப்பையில் ஒரு பித்தளைத் தக்ளியும் நூற்பதற்குச் சுருட்டி வைத்த கொஞ்சம் பஞ்சுப் பட்டையும் இருந்தன. சோதனையில் பையை நிறுத்திவிட்டார்கள். சிறு வயது காவலர் ஒருவர் தக்ளியின் முனையை விரலால் தொட்டுப் பார்த்து, "இது என்ன ஆயுதம்?" என்றார். நூல் நூற்பதற்கு என்றேன். "நூற்றுக் காட்டுங்கள்" என்றார். பின்னால் நீண்ட வரிசை. முக்கால் முழம் வந்ததோ இல்லையோ, நூல் அறுந்து தக்ளி தரையில் விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது.

அதை எடுத்துக்கொண்டு வந்தவர் ஓய்வுக்கு நெருங்கிய மூத்த காவலர். "பட்டையை இப்படி நெரித்தால் பஞ்சு எப்படியம்மா வெளியே வரும்?" என்று கேட்டுக்கொண்டே, சாமான் வைக்கும் பிளாஸ்டிக் தட்டில் தக்ளியை ஊன்றினார். கட்டைவிரலால் ஒரு சுழற்று. இடது கை மெல்ல மேலே போகப் போக, தலைமுடி கனத்தில் நூல் வந்துகொண்டே இருந்தது. தோள் உயரத்துக்கு இழுத்து, கதிரில் சுற்றி, கொக்கியில் மாட்டினார். வரிசையில் யாரோ கைதட்டினார்கள். உடனே முகம் மாறி, "இதை உள்ளே அனுமதிக்க முடியாது" என்று நூலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தக்ளியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். விதி அப்படியென்றால் சரி. அவர் யாரிடம் கற்றார் என்று கேட்கக்கூட அவகாசம் தரவில்லை.

ஓய்வு வாத்தியார்:
யாரிடமா? பள்ளிக்கூடத்தில்தான். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வி, 1960களில் எங்கள் கிராமத்துப் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது வாரத்துக்கு ஒரு தக்ளி வகுப்பாகத் தேய்ந்திருந்தது. நூற்ற நூலை ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். என் பக்கத்தில் உட்காருபவனுக்கு அது வரவே வராது. ஒருநாள் அவன் தக்ளி நிறைய நூல், அதுவும் மருந்துக்குக்கூட ஒரு முடிச்சு இல்லாமல்! ஆசிரியர் ஒரு முனையை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரலிடுக்கில் எதிர்ப்பக்கமாக முறுக்கை அவிழ்த்தார். நூல் மூன்று புரியாகப் பிரிந்து நின்றது. தையற்கடை நூல்! கையில் நூற்றது ஒரே புரிதானே. "மூன்று தக்ளி வைத்திருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். அடிக்கவில்லை. அவன் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை, அப்புறமும் வரவில்லை. அடித்திருந்தால் வந்திருப்பான் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

மலைக்காற்று:
என் கதை சின்னது. கம்பளி நூற்கத் தெரிந்த திமிரில் அதே கனமான மரக்கதிரில் பருத்தியைத் தொங்கவிட்டேன். கதிர் காலில் விழுந்து நகம் கறுத்தது. அவ்வளவுதான்.

பஞ்சுமூட்டை அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நூல் அறுந்ததற்குப் பட்டையை நெரித்தது மட்டும் காரணம் இல்லை, நீங்கள் தக்ளியைத் தொங்கவிட்டதும் காரணம். ஆட்டு மயிர் விரல் நீளத்துக்கு இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று நெடுகப் படிந்து கிடப்பதால் குறைந்த முறுக்கிலேயே கனம் தாங்கும். நாட்டுப் பருத்தி இழை, கருங்கண்ணி ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஓர் அங்குலம்கூடத் தேறாது. முறுக்கு ஏறி முடிவதற்குள் தக்ளியின் எடையே இழைகளை உருவிவிடும். அதனால்தான் அந்தக் காவலர் தட்டில் ஊன்றினார். வீட்டில் கொட்டாங்கச்சி போதும், வழவழப்பான உட்பக்கத்தில் முனையை வையுங்கள். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்துக்குத்தான் முதலில் ஓடும், தடித்த இடம் பொதபொதவென்று நிற்கும். அந்தத் தடிப்பின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, முறுக்கைச் சற்றுப் பின்னால் அவிழ்த்து, மெல்ல இழுத்தால் சமனாகும். தக்ளி நின்று எதிர்த்திசையில் திரும்பத் தொடங்குகிறதா என்று ஒரு கண் வையுங்கள், திரும்பினால் ஏறிய முறுக்கெல்லாம் போய்விடும். நூற்று முடித்ததும் நூலைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுங்கள், சுருண்டுகொள்வது அடங்கும்.

திண்ணைக்காரி:
யாரும் கேட்காத பாடம் முடிந்ததா? ஊன்றித்தான் நூற்க வேண்டும் என்று சட்டம் போடாதீர்கள். கனம் குறைந்தால் பருத்தியும் தொங்கும். 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு மகளோடு போயிருந்தேன். கண்ணாடிக்குள் சுடுமண் தக்களிகள், நடுவில் துளையிட்ட சின்னச் சின்ன வட்டுகள். ஊர் திரும்பியதும் மகள் களிமண்ணில் ஒன்று உருட்டி, துளையிட்டு, வெயிலில் காயவைத்து, மூங்கில் குச்சியைச் செருகினாள். காற்றில் தொங்கவிட்டே நூற்றோம், நகம் கறுக்கவில்லை. ஆனால் துளை மயிரிழை விலகினாலும் ஆட்டம் தாங்கவில்லை, வீசி எறிந்த வட்டுகள்தான் அதிகம். அங்கே பார்த்ததில் ஒன்றின் துளை ஓரம் தள்ளி இருந்தது போல் எனக்குத் தோன்றியது. அதைச் செய்தவள் வைத்துக்கொண்டாளா, அதிலேயே நூற்றாளா? கேட்டால் மகள் சிரிக்கிறாள்.

கும்பகோணம் பேத்தி:
தாத்தா பூணூலுக்குத் தாமே தக்ளியில் நூற்பார். நூலை நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்து 96 சுற்றுச் சுற்றுவார். எண்ணும்போது வீட்டில் பேச்சு நின்றுவிடும். எனக்கு அந்தத் தக்ளியைத் தொட அனுமதி இல்லை, விளக்குத் திரி உருட்டலாம். என் அண்ணனை உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார், அவனுக்குப் பொறுமை இல்லை. அவன் அறுத்துப் போட்ட நூலை நான் எச்சில் தொட்டு ஒட்டி முறுக்கிக் கொடுப்பேன், தாத்தா அதை எடுத்துப் பார்த்து, "பையன் தேறிவிட்டான்" என்பார். பாட்டி அடுப்படியிலிருந்து என்னைப் பார்ப்பாள். அவள் ஒன்றும் சொல்லவில்லையே என்பதுதான் எனக்குக் கோபம், தாத்தாமேல்கூட இவ்வளவு இல்லை.

ஓய்வு வாத்தியார்:
எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. எங்கள் தெருவில் பூணூல் நூலை நூற்றதே ஒரு விதவை அத்தைதான்.

கும்பகோணம் பேத்தி:
உங்கள் தெரு நல்ல தெரு, ஐயா. நான் எங்கள் வீட்டைச் சொன்னேன்.

புதுக்கை:
சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. பழகுவதற்குப் பஞ்சு எங்கே வாங்குவது? மெத்தைக் கடையில் கேட்கலாமா?

திண்ணைக்காரி:
வேண்டவே வேண்டாம், அங்கே தூசியும் சிக்கலும்தான் கிடைக்கும். பக்கத்தில் கதர் விற்கும் சர்வோதய சங்கம் இருந்தால் பட்டையாகவே தருவார்களா என்று கேளுங்கள். யாராவது மலிவாக இலவம்பஞ்சு கொடுத்தால் தலையணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது வழுக்கும், நூலாகாது.