கலங்கள் பேசிக்கொள்வதை வகுப்பில் காட்ட உதவி தேவை

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குத் தமிழில் உயிரியல் படிப்பிக்கிறேன். தாவரக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் பகுதி அடுத்து வருகிறது. பாடப்புத்தகம் ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோனோடு நின்றால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது போதாது.

புழு ஓர் இலையைக் கடித்தால், காயப்பட்ட கலங்களிலிருந்து குளுட்டமேட் என்ற அமினோ அமிலம் கசிகிறது. அதனால் கல்சியம் அலையொன்று கிளம்பி, ஓரிரு நிமிடங்களில் தூரத்து இலைகளுக்குப் போய்விடும். அந்த இலைகள் புழு வருமுன்பே ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஓமோனைச் சுரந்து தற்காப்புக்குத் தயாராகும். 2018இல் ஒளிரும் புரதம் வைத்து இதைப் படம் பிடித்தே காட்டினார்கள். நரம்பே இல்லாத உயிர் இப்படிச் செய்கிறதென்றால் பிள்ளைகள் பார்க்காமல் இருக்கலாமா?

பக்கத்துக் கலங்களை இணைக்கும் நுண்ணிய வழிகளான முதலுரு இணைப்புகள்தான் சிக்கல். அவற்றின் விட்டம் சுமார் 50 நானோமீற்றர். எங்கள் ஒளி நுணுக்குக்காட்டியில் தெரியாது. யாரிடமாவது தெளிவான இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்கள், வகுப்பில் பயன்படுத்தும் அனுமதியோடு, இருக்கிறதா?

அப்புறம், தாவரவியல் ஆய்வு செய்யும் யாராவது கொழும்பில் இருந்தால், ஒரு சனிக்கிழமை வந்து தமிழில் ஒரு மணித்தியாலம் பேச முடியுமா? போக்குவரத்துச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். பழங்களைப் பழுக்கவைக்கும் எதிலீன் வாயுவைக் காட்ட, பழுத்த வாழைப்பழமும் பச்சைத் தக்காளியும் வைத்துச் செய்யப்போகிறேன். அதைவிட நல்ல செய்முறை தெரிந்தாலும் கீழே எழுதுங்கள்.