அட்வான்ஸ் காசில் கை வைத்த கதை

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு, கீழே நாங்கள், மாடியில் இரண்டு போர்ஷன். அது போக குரோம்பேட்டையில் 2016இல் வாங்கிய ஒரு ஃபிளாட். ஆக மூன்று வாடகை வருகிறது, கேட்பவர்கள் ஜமீன்தார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஃபிளாட்டுக்குப் பத்திரச் செலவோடு 45 லட்சம் ஆனது, வாடகை அப்போது 12,000. வருஷத்துக்கு 3 சதவீதம் சொச்சம்தான் தேறும், அதிலும் சொத்து வரி, மெயின்டனன்ஸ் எல்லாம் போகும். பேங்கில் போட்டிருக்கலாமே என்று மைத்துனர் இன்றைக்கும் குத்திக் காட்டுவார், அது கிடக்கட்டும்.

நான் சொல்ல வந்தது அட்வான்ஸ் பற்றி. சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், 1,20,000 வாங்கி வைத்திருந்தேன். 2019 கோடையில் ஊரே தண்ணி லாரிக்குக் காத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கும். தாம்பரம் வீட்டு போர் காய்ந்துவிட்டது, மாடியில் இரண்டு குடும்பம், தினமும் ‘சார் தண்ணி வரலை’ என்று கதவைத் தட்டுகிறார்கள். புது போர் போட்டேன். எந்தக் காசில்? ஃபிளாட் அட்வான்ஸ்தான். அடுத்தவர் வரும்போது அவர் காசை வாங்கி இவருக்குக் கொடுத்துவிடலாம் என்று எல்லா ஓனரும் போடும் அதே கணக்கு.

ஜூன் கடைசியில் ஃபிளாட்காரர் போன் செய்தார், வேலை மாறிவிட்டது, ஆடி பிறப்பதற்குள் காலி பண்ணிக்கொள்கிறோம் என்று. சரி என்றேன். அப்புறம்தான் உறைத்தது. அவர் போய்விடுவார், ஆனால் ஆடியில் எவன் வந்து பால் காய்ச்சுவான்? டூலெட் பலகை மாட்டினேன், புரோக்கரிடம் சொன்னேன், வீட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஆவணியில் வருகிறோம் என்றார்கள். இவரோ மனைவியோடு எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்து, ‘புது ஓனர் வெள்ளிக்கிழமைக்குள்ள கேக்குறார் சார்’ என்று தலையைக் குனிந்தபடி சொல்கிறார். அவர் காசை அவரே கெஞ்சிக் கேட்கிறார், நான் முழிக்கிறேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வளையலைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அடகு வைத்துத்தான் கொடுத்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நிலையிலும் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டேன். ‘சுவர்ல ஒரு ஆணிகூட அடிக்கலையே சார்’ என்றார். அவர் சொன்னது உண்மை. பெயின்டர் கடைசியில் வாங்கியது 7,500. மீதியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை.

பழைய 1960 சட்டத்துக்குப் பதிலாக வந்த புது வாடகைச் சட்டம் அந்த வருஷம் பிப்ரவரி 22 முதலே நடைமுறையில் இருந்தது, எனக்குத்தான் தெரியாது. வேறு விதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. அதிலிருந்து மூன்று மாதம்தான் வாங்குகிறேன், வாங்கியதை அன்றைக்கே தனியாக எஃப்டி போட்டுவிடுகிறேன். ஆனால் இதற்கும் ஒரு அடி வாங்கினேன். 2020 லாக்டவுனில் மாடிக்குப் புதிதாக வந்திருந்த கால்டாக்சி ஓட்டும் தம்பி நான்கு மாதம் வாடகை தரவில்லை. மூன்று மாத அட்வான்ஸ் அதிலேயே கரைந்தது, ஒரு மாத வாடகையும் கரன்ட் பில்லும் மேலே நின்றது. பாவம், அவனை எப்படி வெளியே போகச் சொல்வது? ஊருக்குப் போன பிறகும் தீபாவளிவரை இரண்டாயிரம், இரண்டாயிரமாக ஜிபேயில் அனுப்பி முடித்தான்.

* * *

அண்ணே, நீங்க வளையலோட தப்பிச்சீங்க. நான் மடிப்பாக்கம். வீட்டை மூன்று வருஷ லீசுக்கு 5 லட்சம் வாங்கிக்கொண்டு விட்டேன், மாத வாடகை கிடையாது. அந்தப் பணத்தை அப்படியே ஹவுசிங் லோனில் கட்டினேன், வட்டி மிச்சமாம்! கெடு முடிந்ததும் அவர் 5 லட்சம் கேட்டார். அடுத்து லீசுக்கு வந்தவர் ஒரிஜினல் பத்திரத்தைக் காட்டச் சொன்னார், பத்திரம் பேங்கில். லோன் இருக்கிற வீடு வேண்டாம் என்று போய்விட்டார், அவர் பக்கம் நியாயம்தானே. கடைசியில் பர்சனல் லோன் போட்டுக் கொடுத்தேன். எட்டரை சதவீதக் கடனைக் குறைக்கப்போய் பதினாலு சதவீதக் கடன். இப்போது மாத வாடகைக்குத்தான் விட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம், ஆடியிலும் மார்கழியிலும் காலி பண்ணக்கூடாது என்று அக்ரிமென்ட்டில் எழுதலாமா?

* * *

எழுதிப் பார்த்தேன் தம்பி. கையெழுத்துப் போட வந்தவர் படித்துவிட்டு, ‘அப்ப அந்த ரெண்டு மாசம் வாடகையும் ஏத்தமாட்டேன்னு எழுதுங்க சார்’ என்றார். அடித்துவிட்டேன்.