ஆடிக் காத்துல காத்தாடி ஏன் நிக்குது?

பணகுடிக்காரன்:
கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தல் வழியா பஸ்ல போனேன். காத்து ஆளையே தள்ளுது, ஆனா கரண்ட் எடுக்கிற காத்தாடி ஏழெட்டு வரிசையா சும்மா நிக்குது. ரிப்பேரா? இந்தக் கரண்டை பேட்டரியில பிடிச்சு வச்சா நிலக்கரியே வேண்டாமே?

காத்தாடி மெக்கானிக்:
ரிப்பேர் இல்ல தம்பி. ராதாபுரம் பக்கம் மெயின்டனன்ஸ்லதான் என் சர்வீஸ் முழுக்கப் போச்சு. சீசன்ல மெஷினை நிறுத்த எந்த ஓனரும் விடமாட்டார், கிரீஸ் அடிக்கிறதெல்லாம் மார்கழி, தை வேலை. நீங்க பார்த்தது பேக்-டவுனா இருக்கும், அதாவது கரண்ட் மிஞ்சுறப்ப உற்பத்தியைக் குறைக்கச் சொல்றது. "லைன்ல லோடைக் குறைங்க"ன்னு சப்-ஸ்டேஷன்ல இருந்து போன் வரும். இறக்கையோட விளிம்பு காத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பிட்டா காத்து வழுக்கிட்டுப் போயிரும், மெஷின் தேமேன்னு நிக்கும்.

ஆடியில சாரல் அடிச்சா ஏசி ஓடாது, பம்புசெட்டும் கம்மி. தேவை இறங்குற அதே நேரத்துலதான் ஆரல்வாய்மொழி கணவாய்ல காத்து பிச்சுக்கிட்டு வரும். அனல் மின் நிலையத்தை கேஸ் அடுப்பு மாதிரி அணைச்சு அணைச்சுப் பத்த வைக்க முடியாது. பாய்லர் ஆறிப்போனா திரும்ப லோடு ஏத்த பல மணி நேரம் ஆகும், ஓரளவுக்குக் கீழ இறக்கவும் வழியில்ல. அதான் சுலபமா நிக்கிற காத்தாடி மேல கை வைக்கிறாங்க. வயித்தெரிச்சல்தான்.

மில்காரர்:
மிஞ்சுற கரண்டை மின்வாரியக் கணக்குல போட்டு வைக்கிற பேங்கிங் இருக்கே அண்ணாச்சி? எங்க மில்லோட பழைய காத்தாடியில ஆடிக்கு மிஞ்சுற யூனிட்டை மாசியில எடுத்துக்கிறோம்.

காத்தாடி மெக்கானிக்:
அது வெறும் கணக்குங்க. உங்க ஆடி யூனிட் அன்னிக்கே யார் வீட்டு ஃபேன்லயோ ஓடித் தீர்ந்துருச்சு. மாசியில உங்க மில்லுல நூல் கதிர் சுத்துறது தூத்துக்குடியிலயோ மேட்டூர்லயோ எரியுற நிலக்கரியில.

பேட்டரி பத்தி: மத்தியான சோலாரை ராத்திரி ஏழு மணிக்குக் கொண்டுபோக அது சரி. ரெண்டு, நாலு மணி நேரத்துக்கான சமாச்சாரம். ஆடிக் காத்தைப் பங்குனி வரைக்கும் அது தாங்காது. பெரிய சேமிப்புன்னா ஆழியார் மலைக்குள்ள காடம்பாறை நீர்மின் நிலையம் இருக்கு, 400 மெகாவாட், 1980கள்ல கட்டினது. மிஞ்சின கரண்ட்ல மேல் ஆழியார் அணைத் தண்ணிய மலை மேல ஏத்துவாங்க, தேவைப்படும்போது அதே டர்பைன் வழியா இறக்குவாங்க. இந்த மாதிரி நிலையத்துல நூறு யூனிட் போட்டா எழுபத்தஞ்சு, எண்பது திரும்பும். அதுக்கப்புறம் நீலகிரியில குந்தாவுல இதே மாதிரி 500 மெகாவாட்னு ஆரம்பிச்சாங்க. நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணோம்னு கேட்டா எனக்குக் கோபம்தான் வரும்.

பணகுடிக்காரன்:
அப்ப பங்குனி, சித்திரைக்கு?

காத்தாடி மெக்கானிக்:
அதுக்கு சோலார். காத்து செத்துக் கிடக்கிற மாசத்துலதான் வெயில் கொளுத்தும், தேவையும் உச்சிக்குப் போகும். 2024 மே 2-ல 20,830 மெகாவாட். கமுதியில 648 மெகாவாட் நிக்குதே, அந்த மாதிரி இன்னும் வேணும், சாயங்காலத்துக்கு பேட்டரியோட. கார்த்திகை அடைமழையில ரெண்டுமே படுத்துரும், அதுதான் இடிக்குது.

மில்காரர்:
கார்த்திகையில தேவை கம்மி அண்ணாச்சி, மழை பெஞ்சா அணையிலயும் தண்ணி இருக்கும்.

காத்தாடி மெக்கானிக்:
மழை பெஞ்சா!