1996 பென்ஸ் ஈ 220 (டபிள்யூ 124): முன்பக்கம் சத்தம், ஸ்டியரிங் ஃப்ரீ பிளே. எதை முதலில் மாற்றுவது?

ஈரோடு_124:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வாங்கின வண்டி, 1996 ஈ 220, பெட்ரோல், அஞ்சு கியர் மேனுவல். மீட்டர் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியிருக்கு. நடுவில் சில வருஷம் ஷெட்டிலேயே நின்னுடுச்சு. அப்பா இப்போ இல்லை. ஆர்சி புதுப்பிக்கிற நேரமும் வந்தாச்சு. விக்கிற எண்ணம் துளியும் கிடையாது. அம்மாவை வெச்சு பயமில்லாம சேலம் வரைக்கும் போய்ட்டு வர்ற மாதிரி ஆக்கணும்.

இப்போ இருக்கிற குறைகள்: வேகத்தடை ஏறி இறங்கினா முன்பக்கம் இடது பக்கமா "டக் டக்"னு சத்தம். ஸ்டியரிங்கில் ரெண்டு விரல் அளவு ஃப்ரீ பிளே, அதாவது சக்கரம் திரும்பாம ஸ்டியரிங் மட்டும் ஆடுது. 80-ஐத் தாண்டினா வண்டி முழுக்க நடுக்கம். நின்ன இடத்தில் கிளட்சை விட்டு எடுக்கும்போது அடியில் "டொக்". சிக்னலில் நிக்கும்போது டேஷ்போர்டு அதிருது.

ஒரு பட்டறையில் ஸ்டியரிங் பாக்ஸ், நாலு ஷாக், ரெண்டு ஆர்ம், மவுண்ட் எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துக்கு மேல லிஸ்ட் போட்டுக் கொடுத்தாங்க. இன்னொருத்தர், சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய வண்டியோட சஸ்பென்ஷனை அப்படியே வாங்கி மாட்டிடலாம்ங்கறார். எது சரி? எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பட்டறைக்காரர்_கோவை:

தம்பி, ரெண்டுமே வேண்டாம். ஸ்டியரிங் பாக்ஸை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம்.

1995-ல் புனேயில், டெல்கோ (இப்போ டாடா மோட்டார்ஸ்) தொழிற்சாலையில் இந்த மாடலை அசெம்பிள் பண்ண ஆரம்பிச்ச காலத்திலிருந்து நான் இதில் கை வெச்சிட்டிருக்கேன். இந்த வண்டியில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் போகாதுங்க. போறது ரப்பர். கிலோமீட்டர் கம்மியா ஓடியிருக்குன்னு ரப்பருக்குத் தெரியாது, ஷெட்டில் நின்ன வருஷமும் அதுக்கு வயசுதான். நீங்க சொன்ன குறையில் பெரும்பாலானது ரப்பரில்தான் முடியும்னு நினைக்கிறேன். அதனால ரப்பரை முடிச்சிட்டு அப்புறம் இரும்புக்குப் போங்க.

டயரில் ஆரம்பிங்க. பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் ரெண்டு எத்தனையாவது வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம். ஷெட்டில் நின்ன வண்டியில் டயர் ஒரே இடத்தில் அழுந்தி வட்டம் கெட்டிருக்கும். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி, பழைய டயர்னா கழட்டிடுங்க. 195/65 ஆர் 15, எல்லா ஊரிலும் கிடைக்கிற சைஸ்தான். 80-ல் வர்ற நடுக்கம் பல வண்டியில் இதோடவே போயிருக்கு.

ஸ்டியரிங்குக்கு, வண்டியைப் பிட் மேல நிறுத்துங்க. சக்கரம் தரையிலேயே இருக்கணும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து எஞ்சின் ஓடும்போது ஸ்டியரிங்கை லேசா இப்படியும் அப்படியும் ஆட்டட்டும், நீங்க கீழே இருந்து பாருங்க. நம்ம ஊர் வண்டியில் வலது பக்கம் பாக்ஸ், இடது பக்கம் ஐட்லர் ஆர்ம், ஸ்டியரிங் இணைப்புக் கம்பியோட மறு முனையைத் தாங்கற கை அது. அந்த ஆர்ம் மேலும் கீழும் துள்ளினா அதோட புஷ் (உள்ளே இருக்கிற ரப்பர் வளையம்) போச்சுன்னு அர்த்தம். புஷ் கிட் விலை சொற்பம். அதைப் பார்க்காம பாக்ஸ் மேல இருக்கிற ஸ்க்ரூவை முறுக்கி ஃப்ரீ பிளேயைக் குறைச்சுக் கொடுக்கிறாங்க. நேரா போகும்போது நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். வளைவில் திருப்பினா இறுகிக்கும், ஸ்டியரிங் தானா நேராகாது. நல்ல பாக்ஸ் அப்படித்தான் வீணாகுது. ஐட்லருக்கு அப்புறம் நடு லிங்க், டை ராட் எண்ட் எல்லாம் பாருங்க. அத்தனையும் இறுக்கமா இருந்து, அப்பவும் ஃப்ரீ பிளே இருந்தா பாக்ஸைப் பத்திப் பேசலாம்.

அடியில் "டொக்"குக்கு, கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் போற தண்டு, அதான் பிராப்பெல்லர் ஷாஃப்ட், அதோட ரெண்டு முனையிலும் வட்டமா ஒரு ரப்பர் கப்ளிங் இருக்கும். போல்ட் ஓட்டையைச் சுத்தி வெடிப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ரெண்டையும், நடு பேரிங்கையும் சேர்த்தே மாத்துங்க. கழட்டறதுக்கு முன்னாடி ஷாஃப்டில் பெயிண்டால் கோடு போட்டு அடையாளம் வைக்கணும், இல்லைன்னா பேலன்ஸ் போயிடும். டேஷ்போர்டு அதிர்றதுக்கு எஞ்சின் மவுண்ட். உள்ளே திரவம் இருக்கிற ரகம் அது. கசிஞ்சு போனா ரப்பர் உட்கார்ந்துடும். ரெண்டு எஞ்சின் மவுண்டும் கியர்பாக்ஸ் மவுண்டும் ஒண்ணா மாத்தினாத்தான் பிரயோஜனம்.

இப்போ முன்பக்கச் சத்தம். இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கீழ் ஆர்மோட ரெண்டு புஷ், அதோட நுனியில் பால் ஜாயிண்ட்ங்கிற உருண்டை மூட்டு. சத்தம் அங்கதான் இருக்கும். இந்த வண்டியில் முன் ஸ்பிரிங் ஷாக்கைச் சுத்தி இருக்காது, தனியா கீழ் ஆர்ம் மேல உட்கார்ந்திருக்கும். ஆர்மைக் கழட்டணும்னா ஸ்பிரிங்கை அமுக்கியே ஆகணும். அதுக்கு ஸ்பிரிங்கோட நடுவில் நுழைச்சுப் பிடிக்கிற தனி கருவி இருக்கு. வெளியே கொக்கி போட்டுப் பிடிக்கிற சாதாரண கிளாம்ப்பை வெச்சு யாராவது செய்யப் பார்த்தா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. அது நழுவினா ஆள் பிழைக்கமாட்டான்.

ஸ்பிரிங்கோட மேல் முனையில் ஒரு ரப்பர் தட்டு இருக்கும். அதில் சின்னச் சின்ன குமிழ், ஒண்ணிலிருந்து நாலு வரைக்கும். குமிழ் கூடினா தடிமன் கூடும், வண்டி அந்தப் பக்கம் உயரும். கழட்டின தட்டில் எத்தனை குமிழோ அதே எண்ணிக்கையில் புதுசு வாங்குங்க. இடதுக்கும் வலதுக்கும் வேறயா இருந்தா ஆச்சரியப்பட வேண்டாம்.

ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் இரும்போடு ஒட்டியே வர்றது. அது சுழலாது, முறுக்கிக்கத்தான் செய்யும். சக்கரம் தொங்கிட்டிருக்கும்போது போல்ட்டை டைட் பண்ணிட்டு வண்டியை இறக்கினா, நிக்கும்போதே ரப்பர் முறுக்கிட்டு இருக்கும். ஓட ஓடச் சீக்கிரமே கிழியும். அப்புறம் "புது புஷ் தரமில்லை"ன்னு கடைக்காரரைத் திட்டுவாங்க. வண்டி தன் எடையில் சக்கரத்து மேல நிக்கும்போதுதான் கடைசி டைட். பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அஞ்சு லிங்க், அதுக்கும் இதே முறைதான்.

புதுப்பேட்டையை நான் குறை சொல்லலை. கண்ணாடி, கதவுக் கைப்பிடி, சுவிட்ச், சீட் பாகம், பம்பர் எல்லாத்துக்கும் அருமையான இடம். ஆனா பழைய வண்டியோட ரப்பரை வாங்கி மாட்டறதுன்னா, உங்க ரப்பரோட வயசிலேயே இன்னொண்ணை மாட்டறீங்க. சஸ்பென்ஷனுக்கு லெம்ஃபோர்டர், ஷாக்குக்கு சாக்ஸ் இல்லைன்னா பில்ஸ்டைன் பேரைச் சொல்லிக் கேளுங்க. பார்ட் நம்பரை வெச்சுத்தான் வாங்கணும், மாடல் பேரைச் சொல்லி வாங்கக் கூடாது. 124-க்கான நிறைய பாகத்தோட நம்பர் 201-ன்னு ஆரம்பிக்கும். 1982-ல் வந்த 190-க்குச் செஞ்சதை இதிலும் போட்டிருக்காங்க. நம்பர் வேறயா இருக்குன்னு திருப்பிக் கொடுத்துடாதீங்க.

மதுரை_எம்111:

அண்ணன் சொன்னதுக்கு மேல சஸ்பென்ஷனில் சொல்ல ஒண்ணும் இல்லை. பானெட்டுக்குக் கீழே ரெண்டு விஷயம் மட்டும்.

1990-களின் நடுவில் வந்த பென்ஸ்களில் எஞ்சின் வயரிங்கோட மேல்தோல் சூட்டில் காய்ந்து உதிரும். இன்ஜெக்டர் பக்கம் ஒரு வயரை மெல்ல வளைச்சுப் பாருங்க. தோல் பொடியா கொட்டினா டேப் சுத்தி ஒப்பேத்தாதீங்க. ஒரு வயர் இன்னொண்ணைத் தொட்டா கம்ப்யூட்டரே போகும். முழு ஹார்னஸையும் (வயர் கட்டு) புதுசா கட்டணும். பழைய கனெக்டரை வெச்சே நல்ல வயரில் கட்டித் தர்ற எலக்ட்ரீசியன்கள் இருக்காங்க.

இன்னொண்ணு ரேடியேட்டர். மேல் ஹோஸ் மாட்டற கழுத்து பிளாஸ்டிக். வயசானா நொறுங்கும், அதுவும் முன்கூட்டி எதுவும் சொல்லாது. நெடுஞ்சாலையில் ஒடிஞ்சா மொத்தத் தண்ணியும் போய், ஹெட் வளையற வரைக்கும் போயிடும். அம்மாவை வெச்சு சேலம் போகணும்னா, ஷாக்குக்கு முன்னாடி இதை மாத்துங்க.

டீசல்_நாகர்கோவில்:

கேட்டவர் வண்டி பெட்ரோல். இருந்தாலும் ஈ 250 டீசல் வெச்சிருக்கிறவங்க இதைப் படிப்பாங்கன்னு எழுதறேன். எஞ்சின் முன்பக்கம் வேக்கும் பம்ப் இருக்கு. அதில் பேரிங் உடைஞ்சா குண்டுகள் டைமிங் செயின் பக்கம் விழும், எஞ்சினே போயிடும். பிரேக் பூஸ்டரும் அதை நம்பித்தான் இருக்கு. பழைய பம்ப்பா இருந்தா அது சத்தம் போடும்னு காத்திருக்காதீங்க.

ஈரோடு_124:

ரொம்ப நன்றிங்கண்ணா, எல்லாருக்கும். பிட்டில் ஏத்திப் பார்த்தேன். ஐட்லர் ஆர்ம் கையால் ஆட்டினாலே ஆடுது. பின்பக்க ரப்பர் கப்ளிங்கில் மூணு ஓட்டையைச் சுத்தி வெடிப்பு. இடது பால் ஜாயிண்ட் ரப்பர் கிழிஞ்சு கிரீஸ் வெளியே வந்திருக்கு. வயரிங் நல்லாவே இருக்கு. டயர் பதினோரு வருஷம் பழசு, இத்தனை நாள் அதில் அம்மாவை உட்கார வெச்சு ஓட்டியிருக்கோம்னு நினைச்சாலே என்னவோ செய்யுது. புதுசுக்குச் சொல்லியாச்சு.

ஒரு சந்தேகம். எங்க மெக்கானிக் கெட்டிக்காரர், நல்ல மனுஷன். ஆனா "லிஃப்ட்டில் தூக்கினபடியே டைட் பண்றதுதான் எல்லா வண்டிக்கும் வழக்கம், சக்கரம் தரையில் இருந்தா ஸ்பேனர் நுழையாது"ங்கறார். அவர் மனசு நோகாம எப்படிச் சொல்றது?

பட்டறைக்காரர்_கோவை:

வாக்குவாதமே வேண்டாம் தம்பி. 124-ல் கீழ் ஆர்மோட உள்பக்க போல்ட் ரெண்டும் சாதாரண போல்ட் இல்லை, எக்சென்ட்ரிக், அதாவது மையம் விலகினது. கேம்பர், காஸ்டர்ங்கிற சக்கரக் கோணம் ரெண்டையும் அதைத் திருப்பித்தான் வெக்கணும். அதனால அலைன்மென்ட்டில் எப்படியும் அதை லூஸ் பண்ணித்தான் ஆகணும். உங்க மெக்கானிக் பட்டறையில் லேசா மட்டும் பிடிச்சு விடட்டும். கழட்டறதுக்கு முன்னாடி அந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்ததுன்னு கோடு போட்டுக்கச் சொல்லுங்க. அங்கிருந்து அலைன்மென்ட் கடைக்கு மெதுவாப் போங்க, பக்கத்திலேயே ஒரு கடையைப் பார்த்து வெச்சுக்குங்க.

சக்கரம் நாலும் பலகை மேல நிக்கிற ரேம்ப் இருக்கிற கடையாப் பாருங்க. கீழே நின்னு தாராளமா ஸ்பேனர் போடலாம். முன்பக்கத்தை நாலஞ்சு தடவை அமுக்கி விட்டு வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகு, கோணம் வெச்சு, அங்கேயே டைட். உங்க மெக்கானிக்கையும் கூட்டிட்டுப் போங்க, அவர் கையாலேயே செய்யட்டும். ஸ்பிரிங் கருவி மட்டும் அவர்கிட்ட இருக்கான்னு முதல்ல கேட்டுக்குங்க. இல்லைன்னா ஆர்மைத் தொட வேண்டாம், ஐட்லரையும் டயரையும் முடிச்சிட்டு சிங்காநல்லூர் கொண்டு வாங்க, அந்த ஒரு வேலையை இங்கே பார்த்துக்கலாம். கிழிஞ்ச பால் ஜாயிண்ட்டோட வேகமா மட்டும் வராதீங்க.