மேட்டு வயலில் மூன்றடி மண் எடுக்கலாமா?

மேட்டுவயல்: புதுச்சேரி பாகூர் ஏரிப் பாசனத்தில் கடைமடையில் முக்கால் காணி வைத்திருக்கிறேன். சுற்றியிருக்கிற வயல்களைவிட ஒன்றரை அடி உயரம், வாய்க்கால் தண்ணி ஏறாது. போர் போட்டுத்தான் நெல். செங்கல் சூளைக்காரர் மூன்றடி மண் கேட்கிறார். கடனும் அடையும், வயலும் மட்டத்துக்கு வரும். வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

வண்டல்: வேண்டாம். மக்கு, மண்புழு, சத்து எல்லாம் மேல் முக்காலடியில்தான். அதன் அடியில், வருஷா வருஷம் சேறடித்து இறுகின தட்டு ஒன்று இருக்கும். நெல்வயலில் தண்ணி நிற்பதே அதனால்தான். மூன்றடி போனால் இரண்டும் சூளைக்குப் போச்சு.

சூளையடி: சார் குடியிருப்பது ஓலைக் குடிசையிலா? எங்கப்பா மண் கொடுத்தார். இரண்டு போகம் சுணங்கியது. பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, தொழுவுரம் அடித்தோம், இப்போ விளையுது.

வண்டல்: சரி, பக்கத்து வயல்காரர்?

சூளையடி: அவரும் அடுத்த வருஷம் கொடுத்தார்.

வண்டல்: ஏன் கொடுத்தார்? அவர் தண்ணி உங்க பள்ளத்துக்குக் கசிந்திருக்கும், வரப்பு சரிந்திருக்கும். வேற வழி?

சூளையடி: அது அவர் இஷ்டம்.

மீன்கூடை: ஏரியில் வலை போடுகிறவன் பேசலாமா? தென்பெண்ணை ஆத்து சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாத்தான் எங்க ஏரிக்குத் தண்ணி. மேலே மண் கீறின இடமெல்லாம் முதல் மழையிலேயே குழம்பா வருது. கலங்கின தண்ணிக்குள்ள வெயில் இறங்காது, தண்ணிப் பூண்டு அழுகும், மீன் முட்டையைச் சேறு மூடிடும். யூரியா கலந்து வந்தால் இன்னொரு கூத்து: பாசி மண்டி, விடியக்காலையில் காத்தில்லாமல் கெண்டை மேலே வந்து வாய் பிளக்கும்.

சூளையடி: அப்போ ஏரி மண்ணையே சூளைக்குக் கொடுங்க! தமிழ்நாட்டுப் பக்கம் 2017-ல் விவசாயிகள் வண்டல் எடுக்க விதியைத் தளர்த்தினாங்களே.

வண்டல்: அது வயலில் பரப்ப, சூளைக்கு இல்லை. ஏரியிலும் கண்டபடி தோண்டினால் அடியில் இருக்கிற களி கிழிந்து தண்ணி நிற்காது. போர் கதையும் அப்படித்தான். கடற்கரைப் பக்கம் உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே வருது. அதனால், வாய்க்கால் தண்ணி பாயணும் என்கிற மேட்டுவயலின் ஆசை நியாயம். அதுக்கு ஒன்றரை அடி போதுமே, மூன்றடி யார் கணக்கு?

மேட்டுவயல்: சூளைக்காரர் கணக்குதான். மேல் முக்காலடியை ஓரமாகக் குவித்துவிட்டு, அடியில் ஒன்றரை அடி கொடுத்து, மேல்மண்ணைத் திரும்பப் பரப்பினால்?

சூளையடி: ஜேசிபி இரண்டு தடவை ஓடணும். யார் தருவா?

மேட்டுவயல்: சூளைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். பாதி வாடகை என் தலையில் என்கிறார், விலையையும் குறைக்கிறார். பக்கத்து வயல் பெரியப்பாவிடம் இதைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் அவரை, மேடு பள்ளம் அளக்கிற மட்டக்குழாயோடு வரப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.