இந்தியக் கிரிக்கெட்டின் பழைய சுழற்பந்து வீச்சாளர், கேப்டன் வெங்கட்ராகவனைப் பார்த்த அனுபவம் யாருக்காவது உண்டா?

மாம்பலம் மணி:
சேப்பாக்கம், பல வருடம் முன்பு. ஆட்டம் முடிந்து படியிறங்கினால் பக்கத்தில் நிற்கிறார். டிக்கெட்டின் பின்பக்கத்தை நீட்டினேன், கையெழுத்துப் போட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். "சார், அந்த 79 ஃபிளைட்..." என்று ஆரம்பித்துவிட்டேன். தெரிந்த கதைதானே, இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது இவருடைய கேப்டன் பதவி கவாஸ்கருக்குப் போனதை விமானி மைக்கில் சொன்னாராம். பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என் பேனாவின் மூடியை நிதானமாகத் திருகி, என் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். அந்த இரண்டு திருகல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பழைய ரேடியோ:
போயும் போயும் அதையா கேட்பது? சரி, என் கதை காதோடு சரி. அதே டூர், ஓவல் டெஸ்ட், கடைசி நாள். இலக்கு 438, கவாஸ்கர் 221. ராத்திரி பத்து மணிக்கு மேல் அப்பா ரேடியோ முள்ளைத் திருகிக்கொண்டே இருக்கிறார், முக்கியமான இடத்தில் எல்லாம் இரைச்சல். வெங்கட் ரன் அவுட் என்றதும் பட்டென்று அணைத்துவிட்டார். நான் கெஞ்சி மறுபடி போடுவதற்குள் ஆட்டம் டிரா. 8 விக்கெட்டுக்கு 429, ஒன்பது ரன் குறை! விஸ்வநாத்தைப் பின்னால் தள்ளி கபிலை முன்னே அனுப்பியது கேப்டனின் தப்பு என்று அப்பா கடைசிவரை சொன்னார். கபில் நாலு சிக்ஸர் அடித்திருந்தால் அதே அப்பா கேப்டன் மூளையை மெச்சியிருப்பார்.

லெக் அம்பயர்:
79-க்கே இப்படியா? 74-ல் டெல்லி டெஸ்டில் கேப்டன் பட்டோடிக்குக் காயம், அவருக்குப் பதில் வெங்கட் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்டில் ஆடும் அணியிலேயே இல்லை, பன்னிரண்டாவது ஆள். அதற்கு என்ன சொல்வீர்கள்?

என் அனுபவம் சின்னது. லீக் மேட்ச் ஒன்றில் நான் அம்பயர். கத்தலுக்குப் பயந்து, பந்து காலில் பட்டதாக எல்பி அவுட் கொடுத்தேன். மட்டையில் பட்ட பந்து. அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஆடி முடித்தவர்களுக்குச் சொல்கிறேன், வெங்கட் ஆடியது 57 டெஸ்ட், நடுவராக நின்றது 73. 2002-ல் ஐசிசியின் உயர்மட்ட நடுவர் குழுவான எலீட் பேனல் ஆரம்பித்தபோது அதிலிருந்த ஒரே இந்தியர். ஆகவே கமென்டரிக்கே ஓடாமல் மாநிலச் சங்கத்தின் நடுவர் தேர்வு எழுதுங்கள். பந்து எண்ண பாக்கெட்டில் ஆறு கூழாங்கல் போதும். ஷூ கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், சாயங்காலம் கால் வீங்கும். எவ்வளவு கத்தினாலும் இரண்டு மூச்சு விட்டுத்தான் விரல் தூக்க வேண்டும். முன்னாள் ஸ்பின்னர் என்றால் இன்னும் சௌகரியம், பந்து எவ்வளவு திரும்பும் என்று கை பழகியிருக்கும். அப்புறம், தொப்பியை மறக்காதீர்கள்.

மாம்பலம் மணி:
தம்பி, எனக்கு 64 வயது, நான் எந்தத் தேர்வு எழுதுவது? அந்தப் பேனா மட்டும் இன்னும் எழுதுகிறது. டிக்கெட்டைத்தான் வீடு மாறியபோது தொலைத்துவிட்டேன்.