காலநிலை மாடலை நம்பி வடிகால் கட்டலாமா?

மழைமானி:
ஒரு வெள்ள வடிகால் திட்டக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். 200 பக்கக் காலநிலை அறிக்கை மேசையில் கிடந்தது, யாரும் புரட்டவில்லை. பழைய மழை அட்டவணையை வைத்துக் குழாயின் விட்டத்தைக் கணக்குப் போட்டு எழுந்துவிட்டார்கள். சட்டம் போட்டாவது இதை நிறுத்த வேண்டாமா?

கல்லும்மண்ணும்:
நானும் அட்டவணையைத்தான் எடுத்திருப்பேன். வருங்காலக் காலநிலையைக் கணினியில் கணிக்கும் உலகளாவிய மாடல்கள் பூமியைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன, ஒரு கட்டமே கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் அகலம். ஒரு தெருவில் கொட்டும் மழை அதில் எங்கே தெரியும்? ஐந்து மாடல் ஐந்து பதில் சொல்லும். ஒப்பந்தக்காரருக்கு நான் ஒரே விட்டம்தான் எழுதிக் கொடுக்க முடியும்.

மழைமானி:
கட்டம் பெரிது, சரி. ஆனால் வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இதற்கு மாடலே வேண்டாம், பழைய இயற்பியல் போதும். அப்புறம் அந்த ‘100 ஆண்டு வெள்ளம்’. நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆண்டுதோறும் 1 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் அடைவதற்குள் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு, அதுவும் காலநிலை மாறாமல் இருந்தால்!

கல்லும்மண்ணும்:
7 சதவீதமா? சொன்னால் கூட்டிக்கொள்கிறேன். 200 பக்கத்தில் அது எங்கே இருந்தது? கடல்மட்டத்தையே எடுங்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி, பசுமைக்குடில் வாயு உமிழ்வு மிகக் குறைந்தால் 2100இல் 0.28 முதல் 0.55 மீட்டர் உயர்வு. மிக அதிகமானால் 0.63 முதல் 1.01. பனிப்படலங்கள் சரிந்தால் 2 மீட்டரை நெருங்குவதையும் மறுக்க முடியாதாம். எந்த உயரத்துக்குக் கடல் தடுப்புச் சுவர் எழுப்ப?

நதிமூலம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இருவருமே ஒற்றை எண்ணைத் தேடுகிறீர்கள். லண்டனை வெள்ளத்திலிருந்து காக்கும் தேம்ஸ் கழிமுகத் திட்டம் (2012) அப்படிச் செய்யவில்லை. கடல் இவ்வளவு ஏறினால் இந்த வேலை, அதையும் தாண்டினால் அடுத்தது என்று வழிகளை வரிசைப்படுத்தினார்கள். கட்டி முடிக்க ஆகும் ஆண்டுகளைக் கழித்து, எப்போது முடிவெடுக்க வேண்டும் என்று குறித்தார்கள். கடலை அளந்துகொண்டே இருக்கிறார்கள். 10 ஆண்டுக்கு ஒருமுறை திட்டத்தையே திருத்துகிறார்கள்.

கல்லும்மண்ணும்:
அளக்கிறவருக்குச் சம்பளம் யார் தருவது? கட்ட நிதி வரும், அளக்க வராது. நான் பார்த்த ஒரு நீர்மட்டமானிக்கு இரண்டாம் ஆண்டே பேட்டரி மாற்ற ஆளில்லை. தவிர, புதைத்த குழாயை அப்புறம் பெரிதாக்க முடியுமா?

நதிமூலம்:
முடியாது. அதனால்தான் குழாயை இப்போதே ஒரு சுற்று பெரிதாகப் போடச் சொல்கிறேன். செலவில் பெரும்பங்கு தோண்டுவதற்குத்தான். சுவருக்கு அடித்தளத்தை மட்டும் அகலமாகப் போடுங்கள், உயரத்தைப் பிறகு ஏற்றலாம்.

மழைமானி:
ஒன்று கேட்கட்டுமா? அறிக்கை எழுதியவர்கள் உங்களைப் போன்ற ஒருவரிடம் முன்கூட்டியே பேசியிருந்தால்?

கல்லும்மண்ணும்:
ஒரே பக்கம் கேட்டிருப்பேன்: 40 ஆண்டு கழித்து ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர், குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு. குழாய் விஷயத்தில் சரி, ஒப்புக்கொள்கிறேன். சுவரில் இன்னும் இல்லை. பேட்டரிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.